வெற்றுக்குலையிலிருந்து நானோ கார்பன்: ஆய்வகத்தில் நடப்பது என்ன, தோட்டத்துக்கு வருவது என்ன?

செம்பனை ஆலைக்குள் போகும் ஒவ்வொரு 100 டன் பழக்குலைக்கும் சுமார் 20 டன் எண்ணெய்தான் வெளியே வருகிறது. பழம் உதிர்ந்தபின் மிஞ்சும் வெற்றுக்குலையே அதைவிட அதிகம். 22 டன் இருக்கும். அதற்கு மேல் பிழிந்த சக்கை நார் 13 டன், கொட்டையின் ஓடு 6 டன் வாக்கில், கழிவுநீர் 60 டன்னுக்கும் மேல். நாட்டில் ஏறக்குறைய 450 செம்பனை ஆலைகள் ஆண்டுக்கு 90 மில்லியன் டன்னுக்கு மேல் குலை ஆட்டுகின்றன. கணக்குப் போட்டால் வெற்றுக்குலை மட்டும் ஆண்டுக்கு 20 மில்லியன் டன் அளவில் குவிகிறது. ஆலையில் கேட்டால் ‘தண்டான் கோசோங்’ என்பார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் குவியலும் தெரியும், அதிலிருந்து எழும் ஆவியும் வாடையும் தெரியும்.

இந்தக் குலையிலிருந்து ‘கிராஃபீன்’ எடுக்கலாம், ‘நானோ கார்பன்’ எடுக்கலாம், கழிவே தங்கமாகப் போகிறது என்ற பேச்சு சில ஆண்டுகளாகக் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி பொய்யல்ல. மலேசியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வகங்களில் இது உண்மையாகவே நடக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் ஒரு கிராம் எடுப்பதும், ஆலையின் பின்புறம் கிடக்கும் மலையைக் கரைப்பதும் வேறு வேறு கதைகள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது நல்லது. செம்பனை என்பது நம் வீட்டுக் கதை. 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், வணிக நோக்கில் இந்நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் உருவான இடத்தின் பெயர் தென்னமரம் தோட்டம். பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது.

கரியின் பல முகங்கள்

‘நானோ’ என்பது அளவைக் குறிக்கும் சொல். ஒரு மீட்டரை நூறு கோடித் துண்டுகளாக்கினால் ஒரு துண்டு ஒரு நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிப்பு 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர் வரை இருக்கும். நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது 100 நானோமீட்டருக்குள் அடங்கினால் அதை நானோபொருள் என்கிறார்கள்.

கார்பனுக்குப் பள்ளிப் பாடநூலில் ‘கரிமம்’ என்று படித்திருப்போம். கலைச்சொல் ஆக்கியவர்கள் அடுப்புக்கரியை மறக்கவில்லை. பென்சில் முனையும் வைரமும் அடுப்புக்கரியும் ஒரே அணுக்களால் ஆனவை. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. இந்த அடுக்கில் புதிய வடிவங்கள் கடந்த நாற்பது ஆண்டுகளில் வரிசையாகப் பிடிபட்டன. 1985-இல் பந்து போன்ற ஃபுல்லரீன். 1991-இல் ஜப்பானிய ஆய்வாளர் சுமியோ இஜிமா விவரித்த கார்பன் நானோகுழாய். 2004-இல் மான்செஸ்டரில் ஆண்ட்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டுநாடாவால் பென்சில் கரியை உரித்து உரித்துப் பிரித்தெடுத்த, ஒரே அணு தடிப்புள்ள தாள், அதுதான் கிராஃபீன். அதற்காக 2010-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 2004-இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் நானோகுழாய்க் கரியைச் சுத்தம் செய்தபோது எதிர்பாராமல் தென்பட்ட ஒளிரும் துகள்கள்தாம் கார்பன் புள்ளிகள்.

இவற்றைச் செய்ய வழக்கமாக எடுப்பது மீத்தேன், அசிட்டிலீன் போன்ற வாயுக்கள் அல்லது சுரங்கத்திலிருந்து வரும் கிராஃபைட். செடிகொடிகளின் உடம்பிலும் கார்பன் நிறைய இருக்கிறதே, அதை ஏன் எடுக்கக்கூடாது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் வேளாண் கழிவு ஆய்வு. காய்ந்த வெற்றுக்குலையின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன் இருக்கிறது. கொட்டை ஓட்டில் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

எல்லாக் கழிவும் ஒன்றல்ல

செய்திகளில் ‘வேளாண் கழிவு’ என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட முடியாது.

செம்பனைக் கொட்டை ஓடும் தேங்காய்ச் சிரட்டையும் கெட்டியானவை, காய்ந்தவை, லிக்னின் என்னும் மரப்பிசின் மிகுந்தவை. அவற்றைக் கரியாக்கினால் உறுதியான, நுண்துளை நிறைந்த கரி கிடைக்கும். வெற்றுக்குலையோ ஈரப்பஞ்சு. ஆலையிலிருந்து வெளியே வரும்போது அதன் எடையில் 60 முதல் 65 விழுக்காடு தண்ணீர். அதோடு பொட்டாசியமும், நாரின் மேல் அமர்ந்திருக்கும் சிலிக்கா மணிகளும் உண்டு. நானோகார்பன் செய்பவருக்கு இவை இரண்டும் அழுக்கு. கழுவி எடுக்க வேண்டும்.

செகிஞ்சானிலும் கெடாவிலும் கிடைக்கும் நெல் உமி இன்னொரு தினுசு. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஆகவே உமியிடம் கார்பனைக் கேட்பதைவிட சிலிக்காவைக் கேட்பதே புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது. மலேசிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹலிமத்தோன் ஹம்டான் உமியின் சிலிக்காவிலிருந்து ‘மேரோஜெல்’ என்னும் மிக இலேசான வெப்பத்தடுப்புப் பொருளை உருவாக்கிக் காட்டியது அந்த வழியில்தான்.

முதலில் கரி, பிறகு துளை

தைப்பிங் பக்கம் கோல செப்பேத்தாங்கில் பாக்காவ் மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கும் சூளைகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். காற்று புகாமல் மூடி, நெருப்பின் சூட்டை மட்டும் மரத்துக்குக் கொடுப்பது அங்குள்ள வித்தை. காற்று புகுந்தால் சாம்பல், புகாவிட்டால் கரி. வெற்றுக்குலையையும் ஓட்டையும் கரியாக்கும் முதல் படி இதேதான். இரும்பு உலையில், நைட்ரஜன் வாயு செலுத்தி, 400 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். தண்ணீர் போகும், தார் போகும், வாயுக்கள் போகும், கரி மிஞ்சும். இந்தக் கரியை மண்ணுக்கு இடலாம், எரிக்கலாம். ஆனால் இது இன்னும் நானோ அல்ல. ‘நானோ’ என்ற பெயரில் வெறும் கரித்தூளை யாராவது காட்டினால், அவர் முதல் படியிலேயே நிற்கிறார் என்று பொருள்.

அடுத்த படி துளைபோடுவது. கரியோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரத்தைக் கலந்து 700 முதல் 900 டிகிரி வரை சூடேற்றுவார்கள்; அல்லது நீராவியையோ கரிவளியையோ செலுத்துவார்கள். இவை கரியை உள்ளுக்குள் அரித்து, இரண்டு நானோமீட்டருக்கும் குறைவான கோடிக்கணக்கான துளைகளை உண்டாக்கும். கரித்துண்டு கண்ணுக்குத் தெரியும் அளவுதான். நானோ அளவில் இருப்பது அதன் துளைகள்.

இந்தத் துளைகளால் என்ன பயன்? பாங்கியில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில், நாம் யுகேஎம் என்று அழைக்கும் இடத்தில், முகமட் டெராமான் தலைமையிலான இயற்பியல் குழு வெற்றுக்குலை நாரிலிருந்து மின்தேக்கிக்கான தகடுகளைச் செய்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1,700 சதுர மீட்டர் அளவுக்கு வந்தது. ஒரு பூப்பந்துக் களம் 82 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு சிட்டிகைக் கரிக்குள் இருபது பூப்பந்துக் களம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பரப்பு முழுவதும் மின்னேற்றம் ஒட்டிக்கொள்ள இடம். இப்படிப்பட்ட கரியை இரு தகடுகளாக வைத்துச் செய்வதே மீமின்தேக்கி. பேட்டரி அளவுக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைக்க அதனால் முடியாது. ஆனால் சில நொடிகளில் நிறையும், சில நொடிகளில் கொட்டும், இலட்சக்கணக்கான தடவை தாங்கும்.

இந்தக் குழுவின் வேலையில் இன்னொரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வழக்கமாகக் கரித்தூளைத் தகடாக்கப் பசை சேர்க்க வேண்டும். பசை மின்சாரத்துக்குத் தடை. இவர்கள் நாரைக் குறைந்த சூட்டில் அரைகுறையாகக் கரியாக்கி, அதிலேயே மிஞ்சியிருக்கும் ஒட்டும் தன்மையைக் கொண்டு பசையின்றி வட்டத் தகடாக அழுத்தினார்கள். குலையின் குணத்தை மாற்றப் பார்க்காமல் அதைப் பயன்படுத்திக்கொண்ட ஆய்வு இது. ஜப்பானின் குராரே நிறுவனம் தேங்காய்ச் சிரட்டைக் கரியை மீமின்தேக்கிகளுக்கு விற்று வருகிறது. அதாவது, தாவர ஓட்டுக் கரி தொழிலாகவும் நிற்கும் என்பதற்குச் சாட்சி ஏற்கெனவே இருக்கிறது.

குக்கரில் ஒளிரும் நீர்

இரண்டாவது வழி நம் சமையலறைக்கு நெருக்கமானது. அரைத்த குலை நாரையோ இலையையோ தண்ணீரோடு சேர்த்து, உள்ளே டெஃப்லான் பூசிய கனத்த எஃகுக் குப்பியில் இறுக மூடி, 180 முதல் 250 டிகிரியில் பல மணி நேரம் வைப்பார்கள். விசில் இல்லாத குக்கர். அழுத்தத்தில் தண்ணீர் கொதித்து வெளியேற முடியாது. நாரின் சர்க்கரைகள் உடைந்து மறுபடி கார்பன் உருண்டைகளாகச் சேரும். அடியில் பழுப்புக் கரி, மேலே தேநீர் நிறத்தில் நீர்.

அந்த நீரை வடிகட்டி, கடைகளில் கள்ள நோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். அதற்குள் மிதப்பவைதாம் கார்பன் புள்ளிகள், பத்து நானோமீட்டருக்கும் சிறியவை. நீரில் இரும்பு போன்ற சில உலோகங்கள் கலந்திருந்தால் இந்த ஒளி மங்கும். ஆகவே தண்ணீர்ச் சோதனைக்கு இது உதவும் என்று உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. குலையைக் காயவைக்கத் தேவையில்லை என்பது இந்த வழியின் தனிச்சிறப்பு. ஈரக்குலைக்கு ஏற்ற முறை. குறை என்னவென்றால், கிடைக்கும் புள்ளிகள் மிகக் கொஞ்சம், அளவும் ஒரே சீராக இராது.

பொரித்த எண்ணெயும் நானோகுழாயும்

தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தை நம்மவர்கள் ‘உப்சி’ என்று ஆசிரியர் பயிற்சிக்காக அறிவார்கள். தமிழாசிரியர் பலர் அங்கிருந்து வந்தவர்கள். அதே வளாகத்தில் நானோதொழில்நுட்ப ஆய்வும் நடக்கிறது. அங்குள்ள சுரியானி அபு பாக்காரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் செம்பனை எண்ணெயிலிருந்தும், பிறகு பொரித்து ஓய்ந்த செம்பனை எண்ணெயிலிருந்தும் கார்பன் நானோகுழாய்களை வளர்த்தார்கள். 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அந்த ஆய்வுகள் வெளிவந்தன.

முறை இதுதான். ஒரு குழாயில் இரண்டு உலை. முதல் உலையில் எண்ணெயும் ஃபெர்ரோசீன் என்ற இரும்புச் சேர்மமும் ஆவியாகும். இரண்டாவது உலை சுமார் 750 டிகிரியில் இருக்கும். அங்கே இரும்பு நுண்துகள்களாகப் படியும்; எண்ணெய் ஆவி உடைந்து, கார்பன் அந்தத் துகளில் ஒட்டி, துகளையே வித்தாகக் கொண்டு குழாயாக முளைக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் நாற்றங்கால்போல நெருக்கமாக நிற்கும். வறுத்தவாழைப்பழக் கடைச் சட்டியில் கறுத்துப்போன எண்ணெய்க்கு இப்படி ஒரு மறுபிறவி.

ஜப்பானில் முகுல் குமார், யோஷினோரி ஆண்டோ இருவரும் இதற்கு முன்பே கற்பூரத்திலிருந்து நானோகுழாய் எடுத்துக் காட்டினார்கள். சூடம் எரியும்போது தட்டில் படியும் கரியைத் துடைத்தவர்களுக்கு அது எவ்வளவு கார்பன் நிறைந்த பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கீழடியைக் குறிப்பிடாமல் போனால் வாசகர்களே கேட்பார்கள். கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக 2020-இல் ‘சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் தமிழகத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். தாவரச் சாறு எதையாவது பூசி உயர்ந்த சூட்டில் சுட்டதால் அவை உண்டாகியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்தக் குயவர் நானோகுழாய் செய்யப் புறப்படவில்லை. நல்ல கறுப்புப் பானை செய்தார். தாவரக் கார்பனும் சூடும் சேர்ந்தால் இவை தாமாகவே உருவாகும் என்பதற்கு அது சான்று. வேண்டிய அளவில், வேண்டிய வடிவில் மட்டும் உருவாக்குவதுதான் இன்றைய சிக்கல்.

கிராஃபீன் என்று பெயர் வைத்தால் கிராஃபீனா?

இந்தத் துறையில் அதிகம் ஏமாற வாய்ப்புள்ள சொல் ‘கிராஃபீன்’. செர்டாங்கில் உள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்பனை இலை, ஓடு, வெற்றுக்குலை ஆகியவற்றிலிருந்து கிராஃபீன் ஆக்சைடு செய்து காட்டியிருக்கிறார்கள். அது முறையான ஆய்வு. ஆனால் தாவரக் கரிக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. டிஎன்ஏ வடிவத்தைக் கண்டறிவதில் பெரும் பங்கு வகித்த அதே ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், அதற்கு முன்பு கரியை ஆராய்ந்தவர். கரிகளில் இரு சாதி உண்டு என்று 1951-இல் அவர் எழுதினார். ஒன்று, சூடேற்றினால் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு கிராஃபைட் ஆகும். மற்றது 3,000 டிகிரிக்குக் கொண்டுபோனாலும் ஆகாது; அதன் தாள்கள் கசக்கி எறிந்த காகிதம்போலச் சிக்கிக் கிடக்கும். மரக்கரியும் சிரட்டைக் கரியும் பொதுவாக இந்த இரண்டாவது சாதி.

ஆகவே தாவரக் கழிவிலிருந்து தாள்தாளாகக் கிராஃபீன் வேண்டுமென்றால் சிரமப்பட வேண்டும். இரும்பு உப்புகளைக் கலந்து சூடேற்றி, கசங்கிய கார்பனை இரும்பின் உதவியால் அடுக்கவைப்பது ஒரு வழி. 2020-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு இன்னொரு வழி காட்டியது: கரித்தூளின் வழியாகப் பலத்த மின்சாரத்தை ஒரு நொடிக்கும் குறைவாகப் பாய்ச்சி, 3,000 கெல்வின் வரை சூடேற்றி, காப்பிச் சக்கையைக்கூட மெல்லிய கிராஃபீன் அடுக்குகளாக்கினார்கள். அதைச் செம்பனை ஓட்டுக்குப் பயன்படுத்த அடிப்படைத் தடை எதுவும் இல்லை.

கசங்கிய கரிக்கும் மரியாதை வந்துவிட்டது என்பது வேடிக்கை. சோடியம் பேட்டரிகளில் கிராஃபைட் சரிவர வேலை செய்வதில்லை. தாள்கள் சிக்கிக் கிடக்கும் கெட்டிக்கரிதான் சோடியத்தை உள்வாங்கிக்கொள்கிறது. பல ஆண்டுகளாகக் குறை என்று சொல்லப்பட்ட குணமே அங்கே தகுதி. கிராஃபீனைத் துரத்துவதைவிட ஓட்டிலிருந்து நல்ல கெட்டிக்கரி செய்வது நம் நாட்டுக்குப் பொருத்தமான பாதை என்பது என் எண்ணம்.

சந்தையில் விற்கப்படும் கிராஃபீனைப் பற்றி அண்டை நாட்டில் ஒரு நல்ல வேலை நடந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகின் 60 நிறுவனங்களின் ‘கிராஃபீன்’ மாதிரிகளை வாங்கிச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 விழுக்காடுகூட இல்லை. பாதியை எட்டிய மாதிரி ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் மெல்லிய கிராஃபைட் தூள்.

கழிவா, உரமா?

‘கழிவு’ என்ற சொல்லையும் ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டும். குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றி மரத்தைச் சுற்றியோ வரிசைக்கு நடுவிலோ பரப்பியவர்களுக்கு அது கழிவல்ல, உரம். மலேசியத் தோட்டத்துறையில் நெடுங்காலமாக வழங்கும் கணக்குப்படி, ஒரு டன் வெற்றுக்குலை ஏறக்குறைய 7 கிலோ யூரியாவுக்கும், 2.8 கிலோ பாறைப் பாஸ்பேட்டுக்கும், 19 கிலோ எம்ஓபி என்னும் பொட்டாஷ் உரத்துக்கும், 4.4 கிலோ கீசெரைட்டுக்கும் சமம். மண்ணின் ஈரத்தைக் காப்பது அதற்கு மேல். முன்பு ஆலைகளில் குலையை எரித்து, பொட்டாஷ் நிறைந்த சாம்பலை வயலுக்குப் போட்டார்கள். புகைக் கட்டுப்பாடு இறுகியபின் அது குறைந்தது. நாரும் ஓடும் ஆலையின் கொதிகலனுக்கே எரிபொருள். ஓட்டில் மிஞ்சுவதை ஜப்பானின் மின்நிலையங்கள் காசு கொடுத்து வாங்குகின்றன.

ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 டன் வீதம், நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 1,200 டன் குலை. வெற்றுக்குலை 264 டன் விழும். அதை முழுவதும் நானோகார்பன் ஆலைக்கு அனுப்பிவிட்டால், தோட்டம் இழப்பது ஒரே நாளில் சுமார் 5 டன் எம்ஓபி. மலேசியாவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது, உரம் இறக்குமதிதான். பெரிய நிறுவனம் அந்தச் செலவைத் தாங்கும். ஆலையிலிருந்து குலையைத் திரும்பப் பெற்று ஐந்து, பத்து ஏக்கருக்குப் போடும் சிறுதோட்டக்காரர் என்ன செய்வார்?

மறுபக்கக் கணக்கையும் பாருங்கள். அந்த 264 டன்னில் 160 டன்னுக்கு மேல் தண்ணீர். அதை ஓட்டவே எரிபொருள் வேண்டும். எஞ்சும் சுமார் 95 டன் காய்ந்த நாரைக் கரியாக்கி, துளைபோட்டால், தோராயமாக 10 டன் கரி தேறலாம். ஒரே ஆலையிலிருந்து, ஒரே நாளில். மீமின்தேக்கிக்கோ நீர்ச் சோதனைக்கோ இவ்வளவு தேவையே இல்லை. நாட்டின் 450 ஆலைகளில் ஒன்றிரண்டின் குலையே போதும். நானோகார்பன் கிராம் கணக்கில் விலைபோகும் பொருள், குலையோ லாரிக் கணக்கில் விழும் பொருள். எனவே நானோ வந்து குவியலைத் தீர்த்துவிடும் என்ற பேச்சில் கணக்கு உதைக்கிறது. குவியலுக்கு விடை உரமும் எரிபொருளும் பலகையும்தான். நானோகார்பன் அதன் ஓரத்தில் எடுக்கும் சிறு பங்கு, ஆனால் விலை கூடிய பங்கு.

பொட்டாசியத்தை முதலில் நீரில் கழுவி அந்த நீரைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, நாரை மட்டும் கரியாக்கலாம் என்ற யோசனை இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறது. நானோ செய்பவருக்கு வேண்டாத அழுக்கு அதுவே. மரத்துக்கு வேண்டிய உணவும் அதுவே.

தூசியை யார் சுவாசிப்பார்கள்?

தோட்டப்புறத்தில் மருந்து அடித்த அம்மாக்களின் நகமும் தோலும் மூச்சும் என்ன ஆனது என்பது நமக்குத் தெரியும். பாராகுவாட் இந்நாட்டில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2020 ஜனவரி 1-இல்தான். அதுவரை பல தலைமுறை அதைத் தோளில் சுமந்தது. ஆகவே புதிய தொழில் எதுவானாலும் இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நானோகுழாய்களில் சில நீண்டு, விறைப்பாக, ஆஸ்பெஸ்டாஸ் நாரைப் போன்ற வடிவத்தில் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் கூடிய நிபுணர் குழுவின் வழி, அவற்றில் ஒரு வகையை ‘மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்’ என்ற பிரிவில் சேர்த்தது. அமெரிக்காவின் வேலையிடச் சுகாதார ஆய்வகம் 2013-இல் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியாத அளவு அது. எல்லாக் கார்பன் நானோபொருளும் இப்படி அல்ல. கார்பன் புள்ளிகளும் துளைக்கரியும் வேறு. ஆனால் எந்தக் கரித்தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல.

தூசி ஒரு பக்கம் என்றால் திராவகம் இன்னொரு பக்கம். கிராஃபீன் ஆக்சைடு செய்யும் வழக்கமான முறைக்கு அடர் கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் வேண்டும். துளைக்கரிக்குக் கடுங்காரம். ஒரு கிலோ பொருளைக் கழுவ ஏராளமான தண்ணீர் போகும்; அந்தத் தண்ணீர் எங்கே போகும்? ‘பசுமைப் பொருள்’ என்று பெயர் வைத்துவிட்டு ஆலைக் குளத்தில் அமிலநீரை விட்டால் பசுமை எங்கே இருக்கிறது? ரசாயனம் கையாளும் இடத்தில் ஆபத்தை மதிப்பிட்டு வைக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று 2000-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. அந்த மதிப்பீட்டு அறிக்கையைப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை.

வேலையும் படிப்பும்

அரசாங்கத் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2011-இல் தேசிய உயிர்த்திரள் வியூகம், 2014-இல் தேசிய கிராஃபீன் செயல்திட்டம், 2023 இறுதியில் தேசிய உயிர்த்திரள் செயல்திட்டம். கிராஃபீன் திட்டத்தை நானோமலேசியா நிறுவனம் முன்னெடுத்தது. திட்டங்களுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை இன்னும் யாரும் சரியாகக் கடக்கவில்லை.

வேலை என்று பார்த்தால், நானோ ஆய்வகத்தில் சிலருக்கே இடம். அதற்கு முந்திய படிகளில் பலருக்கு இடம் உண்டு: குலையைப் பிழிதல், துண்டாக்கல், உலர்த்தல், உலை ஓட்டுதல், கரியின் தரத்தைப் பார்த்தல். ஒவ்வொரு தடவையும் ஒரே தரத்தில் கரி தருபவருக்குத்தான் அடுத்த கட்டத்தில் வாங்குபவர் கிடைப்பார். கொதிகலன் ஓட்டிப் பழகியவர்களிடம் அந்தக் கைத்திறன் இருக்கிறது. படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வதானால், நான்காம் படிவத்தில் வேதியியலையும் இயற்பியலையும் விடாதீர்கள். பிறகு வேதிப் பொறியியல், பொருள் அறிவியல், பகுப்பாய்வு வேதியியல் ஆகிய மூன்று கதவுகளில் எது வழியாகவும் இங்கே நுழையலாம்.

பணம் போடச் சொல்லி யாராவது வந்தால் என்ன கேட்பது? எந்தக் கழிவு, எந்த முறை, ஒரு டன்னுக்கு எத்தனை கிலோ தேறும், கழுவிய நீர் எங்கே போகும், வாங்குபவர் யார் என்று கேட்கலாம். அதோடு ராமன் சோதனை வரைபடத்தையும் கேளுங்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்து 1930-இல் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன் கண்டறிந்த அதே ஒளிச்சிதறல்தான் இன்று உலகெங்கும் கார்பனைச் சோதிக்கும் உரைகல். லேசர் ஒளியை மாதிரியின்மேல் பாய்ச்சினால் வரைபடத்தில் மேடுகள் எழும். 1,350 அருகே எழுவது ஒழுங்கு குலைந்த கார்பனின் அடையாளம். 1,580 அருகே எழுவது அடுக்கான கார்பனுடையது. 2,700 அருகே கூர்மையாக, உயரமாக எழுந்தால்தான் மெல்லிய கிராஃபீன் என்று பேசத் தொடங்கலாம். முதல் மேடு அகன்று உயர்ந்து, மூன்றாவது மேடு படுத்துக் கிடந்தால் கையில் இருப்பது கரி. பெரிய பல்கலைக்கழக ஆய்வகங்களில் இந்தக் கருவி இருக்கிறது. ஒரு மாதிரியைப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.